தைரொயிட் குளிசை போட்டதால்தான் அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் வந்ததா? குளிசையை நிறுத்தலாமா?

இல்லை. குளிசையால் வரவில்லை, நிறுத்தவும் கூடாது. அம்மா தைரொயிட் குறையச் சுரப்பதற்காகப் பல வருடமாகத் தைரொக்சின் குளிசை எடுப்பவர், இப்போது பயொப்சியில் மார்புப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது, வருத்தம் பார்க்க வந்த ஆரோ "உந்தத் தைரொயிட் குளிசைதான் இதைக் கொண்டுவந்தது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேள்வியை வாசிக்க நிலைமை இதுதான் என்று விளங்குகிறது. அந்தக் கதையை நம்பி அம்மா குளிசையை விட்டிருந்தால் நாளைக் காலையே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்.

அந்தக் கதைக்கு ஒரு பழைய வேர் உண்டு. தைரொயிட் மருந்து எடுக்கும் பெண்களிடம் மார்புப் புற்றுநோய் கூடுதல் என்று 1976இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 2016இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், தைரொயிட் கூடச் சுரக்கும் பெண்களிடம் மார்புப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட 11 சதவீதம் கூடுதலாகவும், குறையச் சுரக்கும் பெண்களிடம் 6 சதவீதம் குறைவாகவும் இருந்தது. அம்மா இரண்டாவது கூட்டம். இரண்டு வருத்தமும் ஒரே ஆளிடம் அடிக்கடி தென்படுவதற்குப் பெரிய காரணம், இரண்டுமே நடுவயதுப் பெண்களை அதிகம் பிடிப்பவை என்பதுதான்.

தொடர்பு உண்மையில் கனக்கிற இடம் சிகிச்சை தொடங்கிய பிறகு வருகிறது. அதைத்தான் ஒருவரும் இருந்து விளங்கப்படுத்துவதில்லை.

முதலில் காலை நேரம். எங்கள் வீடுகளில் குளிசையும் பால்தேத்தண்ணியும் ஒன்றாகத்தான் உள்ளே போகின்றன. தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேத்தண்ணி, கோப்பி, சாப்பாடு எதுவும் வேண்டாம். இனி அம்மாவுக்கு லெட்ரொசோல் என்ற மார்புப் புற்றுநோய்க் குளிசை எழுதினால் எலும்பு தேயாமல் இருக்கக் கல்சியமும் சேர்த்து எழுதுவார்கள். கீமோவில் இரத்தம் குறைந்தால் இரும்புக் குளிசையும் வரலாம். கல்சியமும் இரும்பும் குடலிலேயே தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு அதை உறிஞ்சாது. இடையில் 4 மணி நேரம் விட வேண்டும். எல்லாக் குளிசையையும் ஒரே டப்பாவில் போட்டுக் காலையிலேயே விழுங்கினால் டி.எஸ்.எச். (தைரொயிட் ஹோர்மோன் காணாவிட்டால் கூடும் இரத்தப் பரிசோதனை எண்) ஏறும், களைப்பு வரும், கால் வீங்கும், "கீமோ எண்டா உப்பிடித்தான்" என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். காலை தைரொக்சின், மத்தியானச் சாப்பாட்டோடு கல்சியம் என்று பிரித்துவிடுங்கள்.

மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இன்னொரு குளிசையான தமொக்சிபென் எழுதினால் வேறு கதை. அது இரத்தத்தில் தைரொயிட் ஹோர்மோனைக் காவும் புரதத்தைக் கூட்டும். நல்ல தைரொயிட் உள்ளவர் தானாகச் சமாளிப்பார். குளிசையை நம்பியிருப்பவருக்கு அளவு கூட்ட வேண்டி வரலாம். தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது, ஏனென்றால் தைரொக்சினின் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 7 நாள் எடுக்கும். சத்திரசிகிச்சை நாளில் ஒரு நேரக் குளிசை தவறினாலும் பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

அடுத்தது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் விற்றமின் போத்தல்கள். முடி கொட்டுகிறது என்று சொன்னவுடன் அன்போடு அனுப்புவார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். முடிக்கென்று விற்கும் விற்றமினான பயொட்டின் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று இருந்தால், பல ஆய்வுகூடங்களின் கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும் இரத்தத்தில் உள்ள தைரொயிட் ஹோர்மோன் அளவான ஃப்ரீ டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். அதைப் பார்த்துத் தேவையான குளிசையைக் குறைத்துவிடுவார்கள். இரத்தம் கொடுக்க இரண்டு நாளுக்கு முன்பே அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள். கடல்பாசிக் குளிசை, அயோடின் சொட்டு என்று வருபவை எதுவும் வேண்டாம். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள்; அதற்கு மேல் ஊற்றினால் தைரொயிட் குழம்பும்.

கதிர்ச்சிகிச்சை மார்புக்கு மட்டும் என்றால் தைரொயிட்டுக்குப் பெரிதாகப் படாது. காறை எலும்புக்கு மேலே உள்ள நெறிக்கட்டுகளுக்கும் கொடுத்தால் சுரப்பியின் ஒரு பகுதி கதிருக்குள் வரும், சுரப்பு வருடங்கள் கழித்தும் குறையலாம். அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் தைரொயிட் கூடி கார்பிமசோல் எடுப்பவர்களும் இருப்பீர்கள். கீமோவும் வெள்ளைக் கலங்களைக் குறைக்கும், கார்பிமசோலும் சிலருக்குக் குறைக்கும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே போய் இரத்தத்தைப் பாருங்கள், இரண்டு மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.

சி.ரி. ஸ்கானில் "கழுத்திலும் ஒரு கட்டி" என்று வந்தால் உடனே பரவிவிட்டது என்று அழாதீர்கள். தைரொயிட் முடிச்சுகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. அல்ட்ராசவுண்ட் எடுத்து, அளவும் தோற்றமும் சந்தேகமாக இருந்தால் ஊசி குத்திப் பார்ப்பார்கள்.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தைரொயிட்டுக்கு ஒரு கிளினிக், ஒரு கொப்பி. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை வைத்தியசாலையில் இன்னொரு கொப்பி. ஒரு கொப்பியில் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் செய்தி காவுவது வருத்தக்காரியின் வேலையாகிவிட்டது, அதுவும் காலை ஐந்து மணிக்கே பஸ் ஏறி, களைத்துப்போய் வாங்கில் இருக்கும் ஒரு பெண்ணின் வேலை. முறை மாறும்வரை, எல்லாக் குளிசையின் பெயர், அளவு, நேரம், கடைசி டி.எஸ்.எச். எண்ணும் திகதியும் ஒரே தாளில் எழுதி இரண்டு கொப்பியிலும் ஒட்டிவிடுங்கள்.

இங்கிலிஸ் மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். எழுதட்டும். அளவை வைத்தியர்தான் மாற்ற வேண்டும். நான் சொல்வது அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை.

கடைசியாக உங்களைப் பற்றி. அம்மாவுக்கு வந்திருப்பதால் நீங்களும் சகோதரிகளும் உங்கள் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று அதே வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பத்தில் மார்பு, தைரொயிட், கருப்பை என்று புற்றுநோய் பலருக்கு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பி.டி.இ.என். என்ற மரபணுக் கோளாறில் இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் வரும், அபூர்வம்தான், ஆனாலும் கேட்க வேண்டியது. 35 வயதாகியிருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பை இலவசமாகப் பார்ப்பார்கள். எந்தக் கிழமை நடக்கிறது என்பது உங்கள் குடும்பநல மாதுவுக்குத் தெரியும்.