ஒரே கரி, இரண்டு வெயில்

கேள்வி: என் தாத்தா மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். மகள் இப்போது ஸ்காட்லாந்தில், பெய்ஸ்லி நகரத்தில் இருக்கிறாள். ஜூன் மாதம் அங்கே செல்லும்போது அந்த ஊரின் பழைய நூல் ஆலையையும், திரும்பியதும் நம் ஊர் மில்லையும் கரியில் வரைந்து அருகருகே மாட்ட ஆசை. இங்கே பழகிய முறையிலேயே அங்கும் வரையலாமா?
- வாசகி, திருநகர்

பதில்: இந்த இரண்டையும் அருகருகே வைக்க நினைத்ததே மிகப் பொருத்தம். 1892-இல் ஓடத் தொடங்கிய நம் மில், பெய்ஸ்லியில் வேர்கொண்ட கோட்ஸ் நூல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவோடு 1974-இல் இணைந்த பிறகே மதுரா கோட்ஸ் ஆயிற்று. அங்கே ஒயிட் கார்ட் ஆற்றங்கரையில், 1886-இல் எழுந்த ஆங்கர் மில் கட்டடத்தை வரையுங்கள். இப்போது அதில் குடித்தனங்கள் இருக்கின்றன.

ஆனால் பழகிய முறையை அப்படியே கொண்டுபோக வேண்டாம். கரிக்கு நிறம் தெரியாது, நிழல்தான் தெரியும். நிழலோ ஊருக்கு ஊர் மாறும். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், ஜன்னலுக்கு மேலே நாலு விரல் நீட்டியிருக்கும் விளிம்பின் நிழல்கூடச் சுவரில் நெடுக வழிந்து இறங்கும். பெய்ஸ்லியில் ஜூன் மாத உச்சிவெயிலே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 58 பாகைக்கு மேல் ஏறாது. நமக்கு மார்கழியில் கிடைக்கும் மிகத் தாழ்ந்த உச்சிவெயிலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். எனவே இரண்டு படங்களிலும் நிழல் ஒத்துப்போக வேண்டுமென்றால், இங்கே மார்கழி நண்பகலில் வரையுங்கள். நானாக இருந்தால் சித்திரையில்தான் வரைவேன். சங்கு ஊதியதும் உங்கள் தாத்தா வெளியே வந்து நின்றது அந்த வெயிலில் அல்லவா?

மேகம் மூடிய நாள்கள் அங்கே அதிகம். திராட்சைக் குச்சியைச் சுட்டுச் செய்யும் மென்மையான கொடிக்கரியைப் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் பரப்பி, தாள் முழுவதும் சாம்பல் நிறம் ஏற்றியபின், மாவுபோல் பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றி ஜன்னல்களின் வெளிச்சத்தை எடுங்கள். மதுரையில் இதற்கு நேர்மாறாக, வெயில் படும் சுவரை வெறும் தாளாக விட்டுவிட்டு, கரிப்பொடியைப் பசையோடு அழுத்திச் செய்த அழுத்தக் கரியால் நிழலை மட்டும் ஒரே முறையில் பதியுங்கள். அது எளிதில் அழியாது என்பதால் கை தயங்கக் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் கரி சீராகப் பிடிக்காது, ஆகவே மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் அவசியம்.

கரி உதிராமலிருக்க அடிக்கும் ஸ்பிரேயை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே வாங்கி அடித்து, பட்டர் பேப்பர் வைத்து, தாள் நகராதபடி இரண்டு அட்டைகளுக்கு நடுவே இறுகக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வரைவதற்கான கரியை வீட்டிலேயே செய்யலாமா?
- வாசகர், ஹார்விபட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம். அடுப்புக்கரி கடினமாக இருப்பதால் தாளைக் கீறும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துக்குப் பிறகு கழித்துப் போடும் திராட்சைக் குச்சிகளைக் கேட்டு வாங்கி, தோலுரித்துக் காயவைத்து, சிறு துளையிட்ட தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி மூடி, நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் இறக்கலாம். டப்பா முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும்.