பழைய பந்து, பளபள பக்கம்: கேள்வி பதில்

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், ஃபினிஷிங்கில், 22 வருடமாக வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் 15 வருடம் மீடியம் பேஸ் போட்டேன், முட்டி போனதும் அம்பயர் தொப்பியை மாட்டிக்கொண்டேன். பந்தைக் கெடுத்திருக்கிறேன், கெடுத்தவர்களைப் பிடித்தும் இருக்கிறேன், அந்தத் தோல் என்ன பாடுபட்டு அங்கே வருகிறது என்பதும் தெரியும். பந்தில் கைவைக்கிற வேலைகளைப் பற்றி எதையும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் உருப்படியானவை இங்கே.

காட்பாடித் தம்பி: அண்ணா, எங்கள் டீமில் 11 பேரும் மாற்றி மாற்றிப் பந்தைத் தேய்க்கிறோம். ஆனாலும் 15 ஓவர் தாண்டினால் பந்து நேராகத்தான் போகிறது. எங்கே தப்பு?

11 பேரும் தேய்க்கிறீர்கள் பார், அதுதான் தப்பு. பளபள பக்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், மறுபக்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மே மாதம் நம் ஊர் வெயிலில் கை எப்படி வேர்க்கும் என்று உனக்கே தெரியும். மிட் ஆஃபிலிருந்து ஒருத்தன், கவரிலிருந்து ஒருத்தன், கீப்பர் கிளவுஸிலிருந்து இன்னொரு முறை என்று ஈரக்கை பட்டுப் பட்டு, சொரசொரப்பாக இருக்க வேண்டிய பக்கமும் ஊறிப் படிந்துவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருந்தால் காற்றுக்கு என்ன வேலை?

விஷயம் இதுதான். வழவழ பக்கத்தில் காற்று சீக்கிரம் பிரிந்து போய்விடும், தையலாலோ சொரசொரப்பாலோ கலைந்த காற்று மறுபக்கத்தில் கொஞ்சம் அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போகும். அந்த வித்தியாசம்தான் பந்தைத் தள்ளுகிறது, அதற்குப் பெயர்தான் ஸ்விங். ஆகவே முதல் ஐந்தாறு ஓவரில் எந்தப் பக்கம் அதிகம் அடிவாங்கியிருக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற பக்கத்தை மட்டும் தேயுங்கள். தேய்க்க ஒரே ஆள். மற்றவர்கள் தையலின் மேல் இரண்டு விரல் வைத்துப் பிடித்து அவனிடம் கொடுத்தால் போதும்.

எங்கள் டீமில் குடியாத்தத்துக்காரர் ஒருவர் இருந்தார், தறி வேலை, கை எப்போதும் காய்ந்த சுக்கு மாதிரி இருக்கும். பேட்டிங் சுமார், ஃபீல்டிங் அதைவிட சுமார். இந்த ஒரு வேலைக்காகவே அவரை டீமில் வைத்திருந்தோம். 30 ஓவர் வரைக்கும் பந்து பேசும்.

ஆம்பூர் பாய்: நம் லெவலில் ரிவர்ஸ் ஸ்விங் வருமா? எங்கள் பையன் ஒருவன் வருகிறது என்று சத்தியம் செய்கிறான்.

பாய், பையனின் வேகம் எவ்வளவு? புதுப் பந்தில் ரிவர்ஸ் வேண்டுமென்றால் 135, 140 கிலோமீட்டருக்கு மேல் போட வேண்டும். பந்து நன்றாகத் தேய்ந்திருந்தால் அதைவிடக் குறைந்த வேகத்திலும் வரும், ஆனாலும் நம் ஆட்களின் 105, 110க்கு அது எட்டாது. பாகிஸ்தானின் சர்ஃபராஸ் நவாஸ், இம்ரான் கான், அப்புறம் வாசிம், வக்கார் என்று வந்த வித்தை அது. அவர்கள் கை வேகமே வேறு.

நம் ஊரில் பழைய பந்து அசைந்தாலே ரிவர்ஸ் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். பையன் ஓடி வரும்போது பளபள பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். பந்து அந்தப் பக்கமே திரும்பினால் ரிவர்ஸ். அதற்கு எதிர்ப்பக்கம் போனால் சாதாரண ஸ்விங்தான். தையலை நேராக நிறுத்தி, ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் சொரசொர என்று மெதுவாகப் போட்டால் சொரசொர பக்கமாகப் போகும், அதற்கு கான்ட்ராஸ்ட் ஸ்விங் என்று ஒரு பெயரே இருக்கிறது. உங்கள் பையன் போடுவது அநேகமாக இதுதான். விக்கெட் விழுந்தால் பெயர் எதுவாக இருந்தால் என்ன.

வாலாஜா: தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, நெற்றி வேர்வையை எடுத்துப் பந்தில் தடவினால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். வாசனை வரும் சார். வேர்வை சட்டப்படி சரி, வேறு எந்தப் பொருளும் கூடாது. எண்ணெய், வாஸ்லின், சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் போடுகிற பாம், எல்லாம் ஒரே கணக்கு.

இதில் நம் மாநிலத்துக்கே ஒரு கதை உண்டு. 1977 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். வேர்வை கண்ணில் வழியாமல் இருக்க இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாஸ்லின் தடவிய துணிப் பட்டையை ஒட்டிக்கொண்டு போட்டார். அந்த வாஸ்லின் பந்துக்குப் போகிறது என்று நம் கேப்டன் பிஷன் சிங் பேடி புகார் கிளப்பினார், ஊரே இரண்டு பட்டது. லீவர் மேல் குற்றம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

சட்டத்தை விடுங்கள், எண்ணெய் வேலைக்கே ஆகாது. இரண்டு ஓவர் மினுக்கும். அப்புறம் நம் செம்மண் தரையில் உருண்டால் புழுதி மொத்தமும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் சேறு. மூன்றாவது ஓவரில் உங்கள் பளபள பக்கம்தான் மைதானத்திலேயே சொரசொரப்பான பொருள்.

ஆற்காடு: பாட்டில் மூடி, உப்புத்தாள் இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். மறைக்க முடியாது என்பதுதான் சிக்கல். 1981இல் ஒரு கவுண்டி மேட்ச்சில் பாட்டில் மூடியால் சுரண்டியதாக இம்ரான் கானே ஒப்புக்கொண்டார். 1990இல் ஃபைசலாபாத்தில் நியூசிலாந்தின் கிறிஸ் பிரிங்கிள் அதே வேலையைச் செய்து 11 விக்கெட் எடுத்தார், பிற்பாடு அவரே சொன்னார். 2018 கேப்டவுன் உப்புத்தாள் கதை எல்லாருக்கும் தெரியும், ஆஸ்திரேலியாவின் ஸ்மித், வார்னருக்கு ஒரு வருடம், பான்கிராஃப்ட்டுக்கு 9 மாதம் தடை.

எங்கள் தொழிலில் நூபக் என்று ஒரு தோல் உண்டு. தோலின் மேல்முகத்தை உப்புத்தாள் சுற்றிய பஃபிங் மெஷினில் கொடுத்தால் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் எழும்பும். விரலால் தடவினால் ஒரு பக்கம் வெளிர், எதிர்ப்பக்கம் தடவினால் கருமை. உப்புத்தாள் போட்ட பந்தும் இதையேதான் செய்யும். தரையில் பட்டுத் தேய்ந்த பந்தில் குழிகள் இருக்கும், தாறுமாறாக இருக்கும். உப்புத்தாளின் கோடு ஒரே திசையில் ஓடும். மூடி என்றால் குட்டிக் குட்டியாக, பக்கத்துப் பக்கத்தில் வெட்டு. நகம் என்றால் தையலோரம் பிறை. பந்தைக் கையில் வாங்கி ஒரு முறை தடவினால் போதும், ஆள் யார் என்பதைத் தவிர எல்லாம் தெரிந்துவிடும்.

நானும் யோக்கியன் இல்லை. கல்லூரி முடித்த வருடம், பாலாற்றங்கரை மைதானம் ஒன்றில், கலர் பாட்டில் மூடியைச் சப்பையாக்கி பேண்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன். நாலு ஓவர் சுரண்டினேன். பந்து நாங்கள் காசு சேர்த்து வாங்கிய டூ பீஸ், அதாவது இரண்டே துண்டுத் தோலில் தைத்தது, தோல் மெலிசு. அஞ்சாவது ஓவரில் ஒருத்தன் ஓங்கி அடித்தான், சுரண்டிய இடம் கிழிந்து, தோல் நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு பந்து பவுண்டரிக்குப் போனது. அம்பயர் அதை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் கையில் கொடுத்தார். மாற்றுப் பந்துக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

பேரணாம்பட்டு: ஃபேக்டரியில் தோல் மினுங்க அடிக்கிற லக்கர் பூச்சைப் பழைய பந்துக்கு அடித்தால் புதுசு ஆகிவிடாதா? நீங்கள் அந்த வேலைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அடித்துப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். ஆனால் ஷூவுக்குப் போகிற தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது, நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம்பட்டை. நல்ல கிரிக்கெட் பந்துக்கு இரண்டும் இல்லை, படிகாரம். சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். அதில் பதனிட்ட தோல் உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருக்கும், அதன் மேல் சிவப்புச் சாயமும் கொழுப்பும் ஏற்றுவார்கள். நீங்கள் பேண்டில் தேய்க்கும்போது சூட்டில் மேலே வருவது அந்தக் கொழுப்புதான், பளபளப்பு என்பது அதுதான். அதன் மேல் லக்கர் அடித்தால் மூடி போட்ட மாதிரி. நாலு பவுன்ஸில் செதில் செதிலாக உரியும், அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் ஷைன் வராது.

படிகாரத் தோலுக்கு இன்னொரு குணம், தண்ணீரில் ஊறினால் படிகாரம் கரைந்து வெளியே போய்விடும். காய்ந்தால் அட்டை. ஈரப் புல்லில் உருண்ட பந்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், அம்பயர் சரி என்ற துணியாக இருந்தால் சட்டமும் ஒத்துக்கொள்ளும். வெயிலில் காயவைக்காதீர்கள்.

நெட்ஸுக்கு என்றால் லக்கரோ செர்ரி பாலிஷோ, உங்கள் இஷ்டம். மேட்ச்சுக்குக் கொண்டு வராதீர்கள்.

மேல்விஷாரம்: எச்சில்?

கூடாது. 2020இல் கொரோனாவுக்காக ஐசிசி நிறுத்தியது, 2022 அக்டோபரிலிருந்து, கிரிக்கெட் சட்டங்களை எழுதுகிற எம்சிசியின் சட்டத்திலேயே நிரந்தரம். 2025 ஐபிஎல்லில் அனுமதித்தார்கள், அது அவர்கள் போட்டிக்கு. மிட்டாய் சப்பிக்கொண்டு துப்புவது அதற்கு முன்பே தப்பு. 2004இல் பிரிஸ்பேனில் திராவிட் பந்தில் மிட்டாய் பட்டதற்கே பாதி மேட்ச் சம்பளம் போனது. திராவிட்டுக்கே அந்தக் கதி.

ஆரணி: ஒரு பக்கத்தை வேர்வையில் ஊறவைத்தால் வெயிட் ஏறி, பந்து அந்தப் பக்கம் சாயும் என்கிறார் எங்கள் கோச்.

பந்து 156இலிருந்து 163 கிராம் வரை. நீங்கள் தடவுகிற வேர்வை எத்தனை சொட்டு? பந்தை நகர்த்துவது வெளிப்பரப்பின் வித்தியாசம், எடை இல்லை. கோச்சிடம் பதமாகச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

திருப்பத்தூர்: நாங்கள் டென்னிஸ் பால், கார்க் பால்தான் ஆடுகிறோம். எங்களுக்கு ஏதாவது?

கார்க்கை விட்டுவிடுங்கள், அதைத் தேய்த்தால் கை மட்டும்தான் தேயும். டென்னிஸ் பந்தில் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கத்து ரோமத்தை பிளேடால் வழித்தாலோ, தீப்பெட்டியால் பொசுக்கினாலோ, ஒரு பக்கம் எலக்ட்ரிக் டேப் ஒட்டினாலோ பயங்கரமாக வளையும். பாகிஸ்தானில் டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி, டேப் பால் என்று ஒரு ஆட்டமே நடக்கிறது. தண்ணீரில் முக்கினால் எகிறாமல் வழுக்கும். டோர்னமென்ட் கமிட்டியிடம் முதலிலேயே கேட்டுவிட்டு ஆடுங்கள். பணமும் ஒரு ஆட்டுக்கிடாவும் பரிசாக வைத்த இடத்தில் இதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சோளிங்கர், பி.டி. சார்: பந்து சொரசொரப்பாகட்டும் என்று ஃபீல்டரை வேண்டுமென்றே ஒரு பவுன்ஸ் விட்டு எறியச் சொல்லலாமா? பிடித்தால் என்ன தண்டனை?

பவுண்டரியிலிருந்து எறிந்து ஒரு பவுன்ஸ் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 20 கஜத்தில் நின்றுகொண்டு பிட்ச் மேல் குத்தினால் நான் ஒரு முறை கூப்பிட்டுச் சொல்வேன். தரையில் தேய்ப்பது நேரடியாகவே தப்பு. நிரூபணமானால் பந்து மாறும், எதிரணிக்கு 5 ரன். நம் 20 ஓவர் மேட்ச்சில் 5 ரன் சின்ன விஷயமா சார்? பையன்களுக்குத் தையலை நேராக நிறுத்திப் போடக் கற்றுக்கொடுங்கள், அதற்கே இரண்டு சீசன் ஆகும்.

காட்பாடித் தம்பி மறுபடியும்: அண்ணா, கடைசியாக ஒன்று. பேண்டில் சிவப்புக் கறை. அம்மா திட்டுகிறார்கள். எப்படிப் போகும்?

போகாது. சாயம், கொழுப்பு இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறது. என் வீட்டில் சோப்பு, எலுமிச்சை, ப்ளீச் எல்லாம் பார்த்தாகிவிட்டது, பேண்ட்தான் ஓட்டையானது. தேய்க்கிற ஆள் நீதான் என்றால் எப்போதும் வலது தொடையில் ஒரே இடத்தில் தேய், மேட்ச்சுக்கு என்று ஒரே பேண்ட் வைத்துக்கொள், அதைத் தனியாக நீயே துவை.