லெமுராய்டு போசத்துக்கு உண்மையில் என்ன ஆபத்து?

மலை உச்சியில், மேகம் படியும் காட்டில் வாழும் இந்த ஆஸ்திரேலியப் பை விலங்கு (கங்காரு மாதிரி குட்டியை வயிற்றுப் பையில் வளர்ப்பது) குறைவதற்கு வேட்டைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முதல் எதிரி வெயில்.

குயின்ஸ்லாந்தின் வடகிழக்கு மலைகளைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. எடை ஒரு கிலோ அளவுதான். பகலில் மரப்பொந்தில் தூங்கி, இரவில் இலை தின்னும். நம்ம தருமபுரியில் சித்திரை மாதம் 38 டிகிரி சர்வசாதாரணம். அதற்கோ 30 டிகிரியைத் தாண்டினாலே உடம்பு தாங்காது. நாமாவது வத்தல்மலைக்கு ஏறிக்கொள்ளலாம். அது ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது, இன்னும் எங்கே ஏறும்?

2005 கடைசியில் கடும் வெப்ப அலை வந்த பிறகு, அங்குள்ள மவுண்ட் லூயிஸ் மலையில் இருந்த வெள்ளை ரோம வகை கண்ணிலேயே படவில்லை. அழிந்தேவிட்டது என்றுகூடச் செய்தி வந்தது (பத்திரிகைகளுக்கு எப்போதும் அவசரம்). 2009-ல் மறுபடி சில தென்பட்டன.

அப்புறம், காடு துண்டுபடுவது. 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அங்கே மரம் வெட்டுவது நின்றது, சரி. ஆனால் சாலைகள் இருக்கின்றனவே. இது கிளைக்குக் கிளை தாவுமே தவிர, தரையில் இறங்குவது அபூர்வம். அதனால் சில சாலைகளுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இரவில் அதன் வழியாகக் கடந்து போகிறது.