அந்த ஒரு போட்டோவை என்ன செய்வது?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் கரூர்ப் பெண். பதினோரு வருடமாக அமெரிக்காவில், மில்வாக்கியில் இருக்கிறேன். கணவர் அமெரிக்கர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி ஜெர்மனியிலிருந்து வந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘ஓமா’. 1927-ல் பிரெஸ்லாவ் நகரத்தில் பிறந்தார், 1952-ல் கப்பலேறி அமெரிக்கா வந்தார், ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், முப்பது வருடம் திரைச்சீலை தைத்தார். 97 வயதில் இறந்துபோனார்.

கடைசி ஆறு வருடம் மத்தியான நேரங்களில் அவருடன் இருந்தது நான்தான். மூன்று மணிக்குக் காப்பியும் கேக்கும் இல்லாமல் அவருக்குப் பொழுது நகராது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருடைய கசகசா அரைக்கும் இரும்பு மெஷினின் கைப்பிடி உடைந்துவிட்டது. நான் என் மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, விரலால் தொட்டு ருசி பார்த்து, ‘கூட்’ (ஜெர்மனில் ‘நன்று’) என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து நான் அவருக்கு நெருக்கமாகிவிட்டேன்.

இப்போது நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். அவருடைய அலமாரியை ஒதுங்க வைத்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அதில் யாருக்கும் படிக்க வராத கடிதங்கள், கப்பல் காகிதம், ஒரு போட்டோ. பன்னிரண்டு வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புத் துணி, தோல் முடிச்சு, மற்ற பெண்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். மாமியார் ‘கிழித்துப் போடு’ என்கிறார். நாத்தனார் மகன், 19 வயது, ‘ஓமா நாஜியா?’ என்று நேராகக் கேட்டுவிட்டான். போர்க் காலத்தைப் பற்றி ஓமா வாய் திறந்ததே இல்லை. அவர் செருப்பு, ஷூவுக்குள் எல்லாம் செய்தித்தாளைத் திணித்து வைப்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நான் வந்தவள், ரத்த சொந்தம் இல்லை. என்ன பேசுவது, எதை விடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மில்வாக்கி

பதில்: அன்புத் தோழி,

உங்கள் கடிதம் போட்டோவைப் பற்றியதுதான். ஆனால் படித்து முடித்த பிறகு என் கண்ணில் நின்றது அந்த மிக்ஸி. ஒரு ஜெர்மன் கிழவி, அமெரிக்கச் சமையலறையில், கரூர்க்காரியின் மிக்ஸிச் சத்தத்துக்கு நடுவே கசகசாவை ருசி பார்க்கிறார். கூட்டத்தில் இதிலிருந்தே ஆரம்பியுங்கள். நம் ஊர் கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவர் எல்லோரும் ‘அன்பின் சிகரம்’ ஆகிவிடுவார்கள். எந்த பேனரையும் இன்னொரு வீட்டு வாசலில் மாட்டிவிடலாம், படத்தை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் மிக்ஸியை வேறு யார் வீட்டிலும் மாட்ட முடியாது.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அவனை அதட்டாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நீங்கள் சொல்லும் உடுப்பு ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் பெண் பிள்ளைகள் போட்டது. 1936 டிசம்பரில், ஜெர்மன் இளைஞர்கள் எல்லோரும் அந்த அமைப்புக்குள் என்று சட்டம் போட்டார்கள். 1939 மார்ச்சில் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை கட்டாயமாகவே ஆக்கிவிட்டார்கள். பத்து முதல் பதினான்கு வரை சின்னப் பெண்களுக்குத் தனிப் பிரிவு. யூதப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். மற்ற பெண்களுக்கு நடைப்பயணம், பாட்டு, விளையாட்டு, கைவேலை, எல்லாவற்றோடும் கலந்து விஷம். போட்டோவில் ஓமா சிரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்திருப்பார். பன்னிரண்டு வயதில் தோழிகளோடு வெளியூர் போனால் யார் சிரிக்க மாட்டார்கள்?

ஆகவே ‘பன்னிரண்டு வயதுக் குழந்தையை நாஜி என்று சொல்ல முடியாது’ என்று அவனிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பிரெஸ்லாவ் அந்தக் காலத்தில் ஜெர்மனியிலேயே பெரிய யூத சமூகம் இருந்த நகரங்களில் ஒன்று. 1938 நவம்பரில் அங்கிருந்த பெரிய யூத ஆலயத்தை எரித்தார்கள். ஓமாவுக்கு அப்போது பத்து பதினோரு வயது. 1941 நவம்பரில் அந்த நகரத்து யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ரயிலில் ஏற்றி லித்துவேனியாவின் கவுனாஸுக்குக் கொண்டுபோய், ஒன்பதாம் கோட்டை என்ற இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ஓமாவுக்குப் பதினான்கு இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு காலியானதை அவர் பார்த்தாரா, பார்த்து என்ன நினைத்தார் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. நீங்கள் அவருக்கு வக்கீலாகவும் வேண்டாம், நீதிபதியாகவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்ததும் சொல்லப்பட வேண்டியதுதான். கடைசிவரை விட்டுக்கொடுக்கக் கூடாத கோட்டை என்று பிரெஸ்லாவை 1944-லேயே அறிவித்திருந்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது, பெண்களையும் பிள்ளைகளையும் நடந்தே வெளியேறச் சொன்னார்கள். எலும்பை உறைய வைக்கும் குளிர். வழியில் விறைத்துச் செத்தவர்கள் ஏராளம், அதிலும் கைக்குழந்தைகள். பதினேழு வயதில் ஓமா அந்த நடையில் இருந்தாரா, அதற்கு முன்பே ரயில் கிடைத்ததா, தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நகரம் மே 6-ஆம் தேதி சரணடைந்தது. பிறகு அது போலந்துக்குப் போய், இன்று வ்ரோட்ஸ்வாஃப். மிச்சமிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். அந்த வீடுகளில் குடியேறியவர்களில் பலர், கிழக்கே தங்கள் ஊரை சோவியத்திடம் இழந்து வந்த போலந்துக்காரர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செய்தித்தாள் திணித்த ஷூவைப் பார்த்ததும் உங்கள் மனம் அந்தப் பனி நடைக்குத்தான் ஓடும். எனக்கும் ஓடியது. ஆனால் பனி பெய்யும் ஊரில் நனைந்த ஷூவைக் காய வைக்க எல்லோரும் செய்கிற காரியம் அது. உங்கள் மில்வாக்கி அக்கம்பக்கத்திலேயே விசாரித்துப் பாருங்கள். வயதானவர்களின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னால் ஒரு சோகக் கதை வைத்துத் தைக்க நமக்கு ஆசை. ஓமா திரைச்சீலைதான் தைத்தார், நீங்கள் கதை தைக்காதீர்கள். ‘ஷூவில் பேப்பர் வைப்பார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை’ என்று சொன்னால் போதும்.

மாமியார் விஷயம்தான் கஷ்டமானது. அவருக்கு அது வரலாறு இல்லை, அம்மா. போரின் சூடு ஆறாத அமெரிக்காவில் வீட்டுக்குள் ஜெர்மன் பேசிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘கிழித்துப் போடு’ என்பதில் அந்தப் பழைய கூச்சமும் இருக்கலாம். அதனால் மேடையில் திடீரென்று போட்டு உடைக்காதீர்கள். முதலில் அவரோடு தனியாக உட்காருங்கள், மூன்று மணிக் காப்பி நேரத்தில், அந்த டப்பாவோடு. போட்டோவைக் கிழிப்பதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். ‘அத்தை, இது உங்களிடமே இருக்கட்டும். ஆனால் இருக்கட்டும்.’ ஆங்கிலத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ, அப்படியே.

பேச்சில் இரண்டே வாக்கியம் போதும் என்று நினைக்கிறேன். ‘ஓமா ஹிட்லரின் ஜெர்மனியில் வளர்ந்தவர். அந்தத் தலைமுறைப் பிள்ளைகளைப் போல அவரும் அந்தச் சீருடையைப் போட்டிருந்தார், அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை.’ இதற்கு மாமியார் சம்மதித்தால் சொல்லுங்கள். அவரால் தாங்க முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அது அவர் அம்மாவின் சாவு. ஆனால் அதற்குப் பதிலாக ‘பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, போர்தான் அவரைப் பிழிந்தது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசாமல் இருந்தால் பிறகு எப்போதாவது பேசலாம். மைக்கில் சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்? பையனிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். அவனுக்கு முழுசாகச் சொல்லுங்கள், 1941-ஐயும் சேர்த்து.

அந்தக் கடிதங்களைக் குப்பையில் போட்டுவிடவில்லையே? ஓமா எழுத்துப் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் சூட்டர்லின் என்ற கையெழுத்து முறை இருந்தது. அவர் அம்மா படித்தது அதற்கும் முந்தைய வகை. 1941-ல் பள்ளிகளில் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கல்லூரியில் ஜெர்மன் படித்த பேத்திக்கும் அது புரியாது. அதில் ‘e’ எழுத்து இன்றைய ‘n’ போல இருக்கும். ‘u’ எழுத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு போட்டுத்தான் அடையாளம் காட்டுவார்கள். ஹாம்பர்க்கில் ‘சூட்டர்லின்ஸ்டூபே’ என்று ஒரு முதியவர் குழு இருக்கிறது. இந்த மாதிரிக் கடிதங்களை வாசித்து இன்றைய எழுத்தில் எழுதித் தருவதே அவர்கள் வேலை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். தேதி 1945, 46 என்று தெரிகிற ஒன்றை மட்டும் படமெடுத்து அனுப்பிப் பாருங்கள்.

இன்னொன்று அமெரிக்காவிலேயே கிடைக்கும். 1944-லிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற வந்த ஒவ்வொருவருக்கும் அரசாங்கத்திடம் ஒரு கோப்பு உண்டு. இறந்தவருடைய கோப்பைக் குடும்பத்தார் எழுதிக் கேட்டுப் பெறலாம். ஓமா விஷயத்தில் அது சுவாரஸ்யமாக இருக்கும் என்பது என் ஊகம், ஏன் தெரியுமா? வீடிழந்து வந்த ஜெர்மானியர்களுக்கு அமெரிக்கா நன்றாகக் கதவைத் திறந்ததே 1950-ல்தான், அகதிகள் சட்டத்தைத் திருத்திய பிறகு. அதே வருடம் வந்த இன்னொரு சட்டம், சர்வாதிகாரக் கட்சிகளிலும் அவற்றைச் சேர்ந்த அமைப்புகளிலும் இருந்தவர்களை உள்ளே விடக் கூடாது என்றது. அது பல பேரை மாட்டிவிட்டது. கடைசியில் 1951 மார்ச்சில் இன்னொரு சட்டம் போட்டு, 16 வயதுக்குள் இருந்தது, சட்டத்தின் கட்டாயத்தால் சேர்ந்தது, வேலைக்கும் ரேஷனுக்கும் வேண்டிச் சேர்ந்தது இதெல்லாம் கணக்கில்லை என்று சொன்னார்கள். அதாவது உங்கள் நாத்தனார் மகன் இன்று கேட்ட கேள்வியை ஓமாவிடம் ஓர் அமெரிக்க அதிகாரி எழுபது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கக்கூடும். என்ன பதில் சொன்னார், 1945-ல் எங்கே இருந்தார் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் அவர் கையெழுத்தோடு இருக்கலாம். வருவதற்கு மாதங்கள் ஆகும். கூட்டத்துக்குள் வராது, பரவாயில்லை.

‘நான் வந்தவள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஓமாவும் வந்தவர்தானே. 25 வயதில், பாஷை தெரியாத ஊரில், ஒரு பெட்டியோடு இறங்கியவர். ஆறு வருட மத்தியானங்களை அவர் உங்களிடம் கொடுத்ததற்கு ரத்தம் காரணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பேசும்போது அவர் காப்பிக் கோப்பையை எப்படிப் பிடிப்பார், கேக்கை எந்த ஓரத்திலிருந்து வெட்டுவார், எதற்கெல்லாம் எரிந்து விழுவார் என்பதைச் சொல்லுங்கள். எரிந்து விழுந்திருப்பார் இல்லையா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், 97 வயது, ஒரு நாளும் கோபப்படவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். அதையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அப்புறம் கேக். ஜெர்மனியில் சாவுக் காப்பியோடு மேலே மாவுத் துருவல் தூவிச் சுட்ட கேக் கொடுப்பது வழக்கம். அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், கசகசா கேக் நீங்கள் செய்யுங்கள். நம் வெள்ளைக் கசகசா இதற்கு ஆகாது, ஓமாவுடையது கருநீலம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடையில் கிடைக்காவிட்டால் மில்வாக்கியின் தெற்குப் பக்கம் போங்கள், அது பழைய போலந்துக்காரர்கள் பகுதி. போலந்துக் கடையில் ‘மாக்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அவர்களும் கிறிஸ்துமஸுக்கு இதே கசகசாவில்தான் கேக் சுடுகிறார்கள், ஓமா பிறந்த ஊரில் இப்போது குடியிருப்பவர்கள் உட்பட. அறுபது பேருக்கு என்றால் ஜாரில் ஒரே மூச்சாகப் போட்டு ஓட்டாதீர்கள், சூடேறி எண்ணெய் விட்டுக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், விரல் வைத்து ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டும்.