புது போன் கையில், பழைய போன் பையில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறியிருக்கிறேன். பழைய போனில், டேட்டாவை ஐபோனுக்கு மாற்றித் தரும் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பை நிறுவிவிட்டேன். அது ஒரு எண்ணைக் கேட்கிறது. ஐபோனில் அந்த எண் எங்கேயும் தென்படவில்லையே?

பதில்: ஐபோனை நீங்கள் முழுவதும் செட்டப் செய்து முடித்திருப்பீர்கள். புது ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து, மொழி, வைஃபை எல்லாம் கொடுத்துக்கொண்டே வரும்போது, பழைய போனிலிருந்து டேட்டாவைக் கொண்டுவரலாமா என்று ஒரு திரை கேட்கும். அதில் 'ஃப்ரம் ஆண்ட்ராய்டு' என்பதைத் தொட்டால்தான் 6 அல்லது 10 இலக்க எண் வரும். அவசரத்தில் பலரும் அந்தத் திரையைத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி ஐபோனை அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும்: செட்டிங்ஸ், ஜெனரல், கடைசியில் உள்ள 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', அதனுள் 'இரேஸ் ஆல்'. இதற்குள் ஐபோனில் எடுத்த படங்கள் இருந்தால் முதலில் வேறெங்காவது சேமித்துவிடுங்கள். அழிக்க மனமில்லை என்றால், ஐபோன் செட்டிங்ஸில் உங்கள் கூகுள் அக்கவுண்டைச் சேர்த்தாலே தொடர்பு எண்கள், காலண்டர், மின்னஞ்சல் மூன்றும் வந்துவிடும். எஸ்எம்எஸ்ஸும் வாட்ஸ்அப் உரையாடல்களும் அந்த வழியில் வராது. அவை வேண்டுமென்றால் அழிப்பதற்குத் தயங்காதீர்கள்.

கேள்வி: எண்ணைச் சரியாகத்தான் கொடுத்தேன். பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று முறை முயன்றும் இதே கதை.

பதில்: டேட்டா மாறும் நேரத்தில் ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கி, ஆண்ட்ராய்டு போனை அதில் இணைத்துக்கொள்கிறது. அந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட் இல்லாத வைஃபையைக் கண்டால் பல ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்கோ, ஏற்கெனவே பழகிய வேறு வைஃபைக்கோ தாவிவிடும். தாவிய கணமே இணைப்பு அறுந்துவிடுகிறது. எனவே ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபை செட்டிங்ஸில் தானாக நெட்வொர்க் மாற்றும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். சேமித்து வைத்துள்ள வைஃபை பெயர்களை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்குங்கள். பாஸ்வேர்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு போன்களும் சார்ஜரில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' திரை முன்னாலேயே இருக்க வேண்டும். நடுவில் அழைப்பு வந்தாலோ, வேறு ஆப்பைத் திறந்தாலோ, திரை அணைந்தாலோ முடிந்தது கதை. இன்னொன்று: ஆண்ட்ராய்டு 'முடிந்தது' என்று சொன்னாலும் ஐபோன் திரையில் எவ்வளவு வந்தது என்று காட்டும் பட்டை ஓடி முடியும்வரை கை வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டின் பேச்சை நம்பி ஐபோனை எடுத்துவிடுகிறவர்களுக்குத்தான் பாதிப் படங்கள் காணாமல் போகின்றன.

கேள்வி: வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. ஐபோனில் வாட்ஸ்அப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: கண்டுகொள்ளாது. ஐபோனில் வாட்ஸ்அப்பின் பேக்கப் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில்தான். டிரைவில் உள்ளதை அதனால் மீட்க முடியாது. எதிர்த்திசையிலும் அப்படியே. உரையாடல்கள் ஐபோனுக்கு வர 'மூவ் டு ஐஓஎஸ்'தான் வழி. அதன் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். டேட்டா தயாரானதும் பழைய போனில் வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகும். பதறாதீர்கள், அங்குள்ளவை அழிவதில்லை. மாற்றம் முடிந்த பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொடுத்துத் திறந்தால் உரையாடல்கள் வரும். அழைப்புப் பட்டியல் மட்டும் வராது. எல்லாம் வந்ததும் ஐகிளவுடில் புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். வீடியோக்கள் நிறைந்த குழுக்கள் இருந்தால் அது போதாது.

கேள்வி: கூகுள் அக்கவுண்டைச் சேர்த்தும் ஐபோனில் பாதிப் பெயர்கள்தான் வந்தன.

பதில்: மீதிப் பெயர்கள் கூகுளில் இல்லை, பழைய போனின் நினைவகத்திலோ சிம்மிலோ சேமிக்கப்பட்டவை. பழைய போனின் கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரு விசிஎஃப் கோப்பு கிடைக்கும். அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி ஐபோனில் திறங்கள். சிம்மில் உள்ளவற்றுக்கு ஐபோனின் கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'இம்போர்ட் சிம் கான்டாக்ட்ஸ்' இருக்கிறது.

கேள்வி: ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வந்துவிட்டேன். ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் மட்டும் எனக்கு வருவதே இல்லை.

பதில்: உங்கள் எண் இன்னும் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் பதிவாகியிருக்கிறது. நண்பரின் ஐபோன் அதைப் பார்த்துவிட்டு, செய்தியை எஸ்எம்எஸ் ஆக அனுப்பாமல் ஆப்பிள் வழியே அனுப்புகிறது. அது உங்கள் ஆண்ட்ராய்டுக்கு எப்படி வரும்? சிம்மைக் கழற்றும் முன்பே மெசேஜஸ் செட்டிங்ஸில் ஐமெசேஜையும், கூடவே ஆப்பிளின் வீடியோ அழைப்பு வசதியான ஃபேஸ்டைமையும் அணைத்திருக்க வேண்டும். பழைய ஐபோன் இன்னும் கையில் இருந்தால் சிம்மை அதில் திரும்பப் போட்டு அணைத்துவிடுங்கள். கைமாறிவிட்டது என்றால், ஆப்பிள் இணையதளத்தில் ஐமெசேஜிலிருந்து எண்ணை விடுவிக்கும் பக்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் குறியீடு வரும். அதை அங்கே பதிந்தால் போதும்.

கேள்வி: ஐபோன் படங்கள் சில மற்ற கருவிகளில் திறக்கவில்லை. ஐகிளவுடில் உள்ள பழைய படங்களை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: திறக்காதவை ஹெச்இஐசி என்ற படக் கோப்பு வகை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா இதில்தான் சேமிக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் திறந்துவிடும்; பழைய கணினிகள்தான் முரண்டு பிடிக்கும். ஐபோனை இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மட்ஸ்', அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் இனி எடுப்பவை எங்கும் திறக்கும் ஜேபெக் வகையாக இருக்கும்.

கேபிளில் படங்களை எடுக்கும் முன் போட்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்டிமைஸ்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் போனில் இருப்பது சிறிய பிரதியாக இருக்கலாம். முழு அளவுப் படம் ஐகிளவுடில் இருக்கும். ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் லாகின் செய்து, எல்லாப் படங்களையும் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பச் சொல்லலாம். மூன்று முதல் ஏழு நாள் ஆகும். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி மட்டுமே. முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்கிய ஆப்களும், பழைய வாட்சும்?

பதில்: ஆப்களை மீண்டும் வாங்கத்தான் வேண்டும். மாதச் சந்தாவைப் பிளே ஸ்டோரில் கட்டியிருந்தால் அங்கேயே போய் ரத்து செய்யுங்கள். போனை மாற்றியதும் அது தானாக நிற்காது. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டுடன் இணையாது. ஏர்பாட்ஸ் சாதாரண ப்ளூடூத் இயர்போனாக வேலை செய்யும்.

கேள்வி: பழைய போனை எப்போது விற்கலாம்?

பதில்: வங்கி ஆப்களைப் புதுப் போனில் மறுபதிவு செய்து, ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பில் உள்ள கணக்குகளை கியூஆர் கோடு மூலம் மாற்றிய பிறகு. இதை மறந்து பழைய போனை அழித்தால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். ஆண்ட்ராய்டு என்றால் ரீசெட் செய்யும் முன் கூகுள் அக்கவுண்டை நீக்குங்கள். ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து ஆப்பிள் அக்கவுண்டிலிருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் ஆன் செய்ததும் போன் உங்கள் பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.