மூச்சு வாங்காத குதிரையும் தயாராகாத கால்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெடுந்தூரக் குதிரைப் போட்டியைப் பற்றியவை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் நம்மவர்கள் இத்தனை பேர் இதில் இறங்கியிருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அதனாலேயே சில பதில்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பூர்பெர்ட் இனக் குதிரைக்கு ஆறு வயது. இரண்டு மாதமாகப் பழக்குகிறேன். 20 கி.மீ. போனாலும் அதற்கு மூச்சு வாங்குவதில்லை. ஜூலையில் 80 கி.மீ. போட்டியில் இறக்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

வேண்டாம், தம்பி. மூச்சு வாங்கவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அது இதயத்தையும் நுரையீரலையும் பற்றிய செய்தி மட்டுமே. அவை சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசை வலுப்பெற மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும், எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரும் உறுதிப்பட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். எலும்புக்கு அதைவிடவும் கூடுதல் காலம் தேவை. உங்கள் குதிரை இப்போது மிகவும் ஆபத்தான கட்டத்தில் நிற்கிறது: ஓட ஆசை இருக்கிறது, மூச்சும் இருக்கிறது, தாங்கும் கால்கள் இன்னும் வரவில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் ஒரு பாசுட்டோ மட்டக்குதிரையை வைத்திருந்தேன். மூன்றாம் மாதத்திலேயே அதைச் சரிவுகளில் வேகமாக ஓட்டினேன். ஒரு காலை சேணம் போடும் முன் இடது முன்னங்காலின் பின்புறத்தைத் தடவியபோது, முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் சூடு. அழுத்தினேன், குளம்பை மெல்லத் தூக்கிக்கொண்டது. நடையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை, அதனால் அன்றும் ஏறிப் போனேன். மூன்றாம் நாள் நொண்டியது. ஓராண்டு அது லாயத்திலும் சிறு பட்டியிலுமாகக் கிடந்தது. அவசரப்பட்டவன் நான், அனுபவித்தது அது.

ஆகவே முதல் இரண்டு மூன்று மாதம் நடையும் மெதுவான துள்ளோட்டமும் (ட்ராட்) போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள். 6 அல்லது 8 கி.மீ.யில் தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். தூரம், வேகம், மேடு ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே ஏற்றுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேலையைக் குறைத்து உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள விடுங்கள். ஜூலைக்குள் கால்கள் ஒத்துழைத்தால், 30 கி.மீ. பிரிவில் நேரத்தைப் பார்க்காமல் முடித்து வாருங்கள். 80 அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். ஃபாரிஸ்மித் ஊரின் பெயரோடு பிணைந்த தேசியப் போட்டியில் குதிரைகள் மூன்று நாளில் சுமார் 200 கி.மீ. கடக்கின்றன. அப்படி ஒரு தூரத்துக்குக் கால்கள் பல ஆண்டுப் பயிற்சியில்தான் தயாராகின்றன.

இதயத் துடிப்பு காட்டும் கருவி வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா? (வெருலம் வாசகி)

ஸ்டெதாஸ்கோப் ஒன்று போதும், அம்மா. இடது முழங்கைக்குப் பின்னால், சேணவார் படும் இடத்தில் வைத்துக் கேளுங்கள். லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் பெரும்பாலும் 28 முதல் 44 வரை இருக்கும். போட்டிகளில் கால்நடை மருத்துவர் எதிர்பார்க்கும் அளவு பொதுவாக 64. எனவே வீட்டில் பயிற்சி முடிந்தபின் எத்தனை நிமிடத்தில் 64க்கு இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பத்து நிமிடம் கடந்தும் இறங்காவிட்டால் அன்றைய வேலை அதற்கு அதிகம்.

இன்னொரு சோதனையும் உண்டு. துடிப்பை எண்ணிக்கொண்டு, 40 மீட்டர் போய் 40 மீட்டர் திரும்பத் துள்ளோட்டமாகக் கூட்டி வாருங்கள். ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மீண்டும் எண்ணுங்கள். முன்பு எண்ணிய அளவோ அதற்குக் குறைவோ என்றால் நல்லது. நான்கு துடிப்புக்கு மேல் கூடியிருந்தால் களைப்போ, நீரிழப்போ, வலியோ ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

கொள்ளு வேகவைத்துக் கொடுத்தால் குதிரை களைக்காது என்று தாத்தா சொல்வார். சரியா? (டொங்காட்)

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொள்ளில் புரதம் அதிகம். தேவைக்கு மிஞ்சிய புரதத்தைக் கழிக்கக் குதிரை கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும், உடல் சூடும் கூடும். நெடுந்தூரத்துக்கு எரிபொருள் புல்லும் கொழுப்பும்தான். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்புல் தினமும் கிடைக்க வேண்டும். பெருங்குடலில் நிறைந்திருக்கும் அந்தப் புல்தான் வழியில் நீரையும் உப்பையும் சேமித்துத் தரும் தொட்டி. எரக்ராஸ்டிஸ் அல்லது டெஃப் உலர்புல்லோடு கொஞ்சம் குதிரைமசால், தீவனத்தில் சிறிது சிறிதாகக் கூட்டிய தாவர எண்ணெய் போதுமானவை. ஓய்வு நாளில் தானியத்தைக் கட்டாயம் குறையுங்கள். குறைக்காமல் மறுநாள் வேலை வாங்கினால் தசை இறுகி, குதிரை நடக்க முடியாமல் நின்றுவிடக்கூடும்.

வேலைக்குப் போகிறவன் நான். விடியும் முன்போ இருட்டிய பிறகோதான் நேரம் கிடைக்கிறது. (சாட்ஸ்வொர்த்)

கோடையிலும் அதன் பின்பாதியிலும் அந்த இரண்டு நேரமும் கூடாது. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் கடிபூச்சி, கொசுவைவிடச் சிறியது, அந்தி முதல் விடியல் வரைதான் அதிகம் பறக்கும். நோய் நுரையீரலைத் தாக்கும் வகையாக இருந்தால் குதிரை பிழைப்பது அரிது. சூரியன் மறையும் முன் குதிரை லாயத்துக்குள் இருக்கட்டும். வார நாள்களில் பயிற்சி குறைந்தாலும் பாதகமில்லை. சனி, ஞாயிறில் பகல் வெளிச்சத்தில் ஓட்டுங்கள். தடுப்பூசியை ஜூன் முதல் அக்டோபருக்குள், இரண்டு தவணையாகப் போடுவது வழக்கம். ஊசிக்குப் பின் கடும் வேலை வேண்டாம். எத்தனை நாள் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிட்டோ கடற்கரை மணலில் ஓட்டினால் சீக்கிரம் வலு வருமா?

அலை நனைத்து இறுகிய மணலில் நடத்துங்கள். உதிரி மணலில் ஓட்டாதீர்கள். தசைநாணுக்கு அதைப் போன்ற பகை இல்லை.

டர்பன் புழுக்கத்தில் குதிரை வியர்த்துக் கொட்டுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். சூடேறிய குதிரைக்குக் குளிர்ந்த நீரைக் கழுத்து, மார்பு, உடல் எங்கும் நிறுத்தாமல் ஊற்றலாம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் ஆறாது. நீர்தான் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். வெப்பத்தில் கடுமையாக உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கக்கூடும். அதோடு சோடியமும் குளோரைடும் போய்விடும். தினமும் தீவனத்தில் 30 முதல் 50 கிராம் சாதாரண உப்பு சேருங்கள். எப்போதும் அருகில் தண்ணீர் இருக்கட்டும். நீரிழந்த குதிரைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுக்காமல் உப்புக் கரைசலை மட்டும் வாயில் புகட்டுவது கேடு.

போட்டி முடிந்தபின் எத்தனை நாள் ஓய்வு?

80 கி.மீ. என்றால் இரண்டு வாரமாவது சேணம் வேண்டாம். அதற்காக லாயத்தில் அடைத்து வைக்காதீர்கள். பகலில் மேய்ச்சலில் விட்டால் நடந்தே இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். அந்த நாள்களிலும் காலையில் நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். வீக்கமும் சூடும் சில நேரம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் கைக்குத் தெரியும்.