செவ்வாயில் மூன்று ஏக்கர்: வழக்கு யார் மீது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், ஈரோடு. 2024 செப்டம்பரில் இணைய விளம்பரம் பார்த்து, செவ்வாய் கிரகத்தில் ஏக்கர் ரூ.62,000 வீதம் எனக்கும் இரு மகள்களுக்குமாக மூன்று ஏக்கர் வாங்கினேன். வரைபடத்தோடு உரிமைச் சான்றிதழ் வந்தது. 2030-க்குள் மனிதர்கள் அங்கே குடியேறுவார்கள், விலை பத்து மடங்காகும் என்றார்கள். சொந்தபந்தத்தில் 11 பேரை ஆளுக்கு ஒரு ஏக்கர் வாங்க வைத்தேன். 10 சதவீதம் கமிஷன் கொடுத்தார்கள். இப்போது அந்த நிறுவனத்தில் யாரும் போனை எடுப்பதில்லை. மைத்துனர் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. செவ்வாயில் மனிதன் வாழவே முடியாது என்பதற்கு நாற்பது கட்டுரைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை வைத்து மோசடி வழக்குப் போடலாமா? தெரிந்த ஒருவர் என் மூன்று ஏக்கரையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்கக் கூடாது. ஒரு சென்ட் கூட.

நாற்பது கட்டுரைகளையும் எடுத்து உள்ளே வையுங்கள். மனிதன் வாழ முடியுமா என்பது உங்கள் வழக்கில் எழவே கூடாத கேள்வி. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை என்பீர்கள். அந்தக் காற்றிலிருந்தே 2021 முதல் 2023 வரை மாக்ஸி என்ற கருவி 122 கிராம் ஆக்சிஜன் பிரித்துக் காட்டியதே என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். மண்ணில் பெர்குளோரேட் நஞ்சு இருப்பதை 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது என்பீர்கள். அதே கலம்தான் மண்ணுக்கடியில் பனிக்கட்டியையும் கண்டது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் "2030 என்பது எங்கள் கணிப்பு, தவறிவிட்டது" என்று சொல்லி அவர்கள் எழுந்து போவார்கள். கணிப்பு தவறுவது மட்டுமே மோசடி ஆகாது.

என் வாழ்நாளில் ஒரு மனிதர் செவ்வாயில் கால் வைப்பதைப் பார்க்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் நாளைக்கே அங்கு ஊர் எழும்பினாலும் அந்த மூன்று ஏக்கர் உங்களுடையது ஆகாது. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா? உங்கள் வழக்கு மொத்தமும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. இல்லை என்பதுதான் பதில்.

1967-ம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்து, நிலவையும் பிற கோள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது, குடியிருந்தாலும் முடியாது. இந்தியா 1982-ல் இதை ஏற்றது. "தடை நாடுகளுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை" என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பட்டா கொடுக்க ஓர் அரசு வேண்டும், ஐயா. எந்த அரசுக்கும் உரிமையில்லாத மண்ணுக்கு யார் பட்டா கொடுப்பது? அமெரிக்காவில் கிரிகரி நெமிட்ஸ் என்பவர் ஈராஸ் குறுங்கோள் தன்னுடையது என்று அறிவித்து, 2001-ல் அங்கே இறங்கிய நாசா கலத்துக்கு நிறுத்துமிடக் கட்டணமாக 20 டாலர் கேட்டார். 2004-ல் வழக்கு தள்ளுபடி, மேல்முறையீட்டிலும் தோற்றார். 2015-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை உங்களிடம் காட்டியிருப்பார்கள். அது தோண்டி எடுத்த பொருளுக்குத்தான் உரிமை தருகிறது. கடலில் வலை போடுகிறவருக்கு மீன் சொந்தம், கடல் சொந்தமில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எப்படி மனு போடுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். மனு போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவைப் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணுங்கள், அவர்கள் போனை எடுக்காமல் போன நாளிலிருந்து எண்ணாதீர்கள். சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் 'நினைவுப் பரிசு' என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், இருந்தால் நிலம் என்று நாங்கள் விற்கவே இல்லை என்பார்கள், அப்போது உங்களுக்கு ஆதாரம் அந்த விளம்பரம்தான். அதன் படத்தை இன்றே எடுத்து, மின்னணுச் சாட்சியத்துக்கான பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றோடு வையுங்கள். பத்து மடங்கு விலைக்காக வாங்கினேன் என்று நீங்களே எழுதியிருப்பதைப் பிடித்து, நீங்கள் நுகர்வோரே இல்லை, வியாபார நோக்கில் வாங்கியவர் என்று வாதிடுவார்கள். உங்கள் வக்கீல் அதற்குத் தயாராக இருக்கட்டும். மைத்துனர் கதையும் ஊர்ப் பேச்சும் மனுவில் ஒரு வரிகூட வர வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த 11 பேர்தான். நீங்கள் உங்களைப் புகார்தாரராக மட்டுமே நினைக்கிறீர்கள். ஆளுக்கு ரூ.6,200 என்று ரூ.68,200 உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. போலீஸ் உங்கள் வங்கி அறிக்கையைப் பார்க்கும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவது ஏமாந்த ஆசிரியர் அல்ல, ஏஜென்ட். ஆள் சேர்த்ததற்குக் காசு என்றால் 1978-ம் ஆண்டு பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 2012-ல் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் சரிந்தது உங்கள் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும். அப்போது என்னிடம் வந்த ஒருவர், தன் முதலீடு போனது என்று புகார் எழுதத்தான் வந்தார். அவர் சேர்த்துவிட்ட சித்தப்பா மகன் அதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். முதலாளி தலைமறைவு, போலீஸுக்கு வீட்டு முகவரி தெரிந்தது என்னிடம் வந்தவருடையது மட்டும்தான். மூன்றாம் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது ஆளாக, பல வருடம் கோர்ட் படி ஏறினார். பணம் போன துக்கத்தைவிட மகள் கல்யாணப் பேச்சு நின்றதைத்தான் அவர் அதிகம் சொல்லி அழுதார். உங்களுக்கும் மகள்கள் இருக்கிறார்கள்.

இதுவரை உங்களிடம் ஒரு காப்பு இருக்கிறது. நீங்களும் நம்பித்தான் வாங்கினீர்கள், உங்கள் பணமும் போயிருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று வாதாடலாம். ஆனால் செவ்வாய் மனைக்கு மதிப்பில்லை என்று எழுத்தில் தெரிந்த பிறகு அதை இன்னொருவருக்கு விற்றால் அந்தக் காப்பு போய்விடும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் அது ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய மோசடி. அந்தத் "தெரிந்த ஒருவர்" கொடுக்கும் பணத்தைத் தொடாதீர்கள்.

ஆகவே நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும் முன், 11 பேருக்கும் கமிஷனை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள். எதற்காக என்று பரிமாற்றக் குறிப்பில் எழுதுங்கள், ஆளுக்கொரு ரசீது வாங்குங்கள். அவர்களையும் மனுவில் சேர அழையுங்கள். ஒன்றிரண்டு பேர் முழுப் பணத்தையும் உங்களிடமே கேட்பார்கள். சட்டப்படி நீங்கள் முழுவதும் கொடுக்க வேண்டுமா என்று வாதிடலாம், வாதிட்டு ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாதிட மாட்டேன். வயதானவர்களுக்கும் கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கும் முடிந்ததைக் கொடுத்து, எழுத்தில் சமரசம் முடிப்பேன். நிறுவனம் பாதிப் பணம் தர முன்வந்தால் உங்கள் பங்குக்கு அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் நிலைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மைத்துனரிடமிருந்து தொடங்குங்கள். புகார் கொடுக்க முதலில் கிளம்பக்கூடியவர் அவர்தான்.